நார்த்தங்காய்ச் சாறும் ஒரு புகார்க் கடிதமும்

தோல் மருத்துவர் கமலவேணி காலமான செய்தி, ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ‘கருணையின் திருவுருவம் மறைந்தது’ என்று எழுதி, கீழே குத்துவிளக்குப் படம். கருணையா? கும்பகோணத்தில் அவரிடம் வைத்தியம் பார்த்த உங்களில் யாராவது திட்டு வாங்காமல் வெளியே வந்ததுண்டா? ‘அந்தம்மாவுக்கு வாய் நீளம்’ என்று சொல்லித் திரிந்தவர்கள்தான் இப்போது கைகூப்பும் பொம்மைகளை வரிசையாக அனுப்புகிறார்கள்.

எந்தக் கொப்புளத்தைக் கண்டாலும் அக்கி என்று முடிவுகட்டி, காவியால் எழுதிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. “எழுதினவர்கிட்டயே போய்க் காட்டுங்க, கையெழுத்து அழகா இருக்கு” என்பார். திட்டி முடித்துவிட்டு அந்தக் காவியைத் தானே துடைத்தும் விடுவார்.

என் கதை இதைவிடக் கேவலமானது. அப்போது தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தேன். சித்திரை வெயில். ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாம் வகுப்பு யாழினியின் மேற்கைகளில் சிவந்து கொப்புளித்த விரல் தடங்களைப் பார்த்தேன். பெற்றவள் இறந்து, சித்தி செல்வி வளர்க்கும் குழந்தை. அப்பா துபாயில். எனக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? “அம்மா ஒண்ணும் பண்ணல சார்” என்று குழந்தை அழுததைக்கூடப் பயம் என்றே எடுத்துக்கொண்டேன். செல்வி சூடு வைத்ததாகப் புகார் எழுதி, ஆசிரியர்கள் எல்லோரையும் கூட்டி, வாசித்துக் காட்டிக் கையெழுத்துப் போட்டு, காவல் நிலையத்துக்கு அனுப்பினேன். பெரிய நீதிமான் என்று நினைப்பு. அன்று மாலையே தாய்மாமன் வந்து குழந்தையைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் சூட்டுக் காயம்தான் என்று சான்றிதழ் வாங்க அவர் குழந்தையோடு கமலவேணியிடம் போனபோது நானும் கூடப் போனேன். டாக்டர் எங்களை விட்டுவிட்டுக் குழந்தையிடம் கேட்டார். “ஞாயித்துக்கிழமை அம்மா மொட்டைமாடியில நார்த்தங்காய் அரிஞ்சாங்க. நான் கைப்பிடிச் சுவர்ல ஏறினேன். தூக்கி எறக்கி விட்டாங்க. அப்புறம் அங்கேயே விளையாண்டேன்” என்றது குழந்தை.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “அஞ்சு விரலோட சூட்டுக்கோல் எந்தக் கடையில விக்குது சார்? நீங்க என்ன பாடம் எடுக்கிறீங்க?”

“அறிவியல்.”

“தமிழ் எடுங்க. கதை நல்லா வருது.”

பிறகு சொன்னார்: “தூக்கினப்ப அவங்க விரல்ல நார்த்தங்காய்ச் சாறு இருந்திருக்கு. அந்தச் சாத்துல ஒரு ரசாயனம் இருக்கு. நிழல்ல அது சும்மா கிடக்கும். வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் பட்டா முழிச்சுக்கிட்டுத் தோல் செல்லைக் கொல்லும். அதுல தோல் சிவந்து வீங்கி, கொப்புளிக்கும். அதுவும் அன்னிக்கே தெரியாது, அடுத்தடுத்த நாள்தான்.”

மாமன் நம்பவில்லை. டாக்டர் ஒரு நார்த்தங்காய் வாங்கிவரச் சொல்லி, தன் இரண்டு முன்கைகளிலும் சாற்றைப் பூசி, ஒன்றைக் கறுப்புத் துணியால் சுற்றிக்கொண்டு உச்சிவெயிலில் நின்றார். மூன்றாம் நாள் எங்களை அழைத்துக் காட்டினார். வெயில் பட்ட கை கொப்புளித்திருந்தது. மூடிய கை சுத்தமாக இருந்தது. “பார்த்தாச்சுல்ல? குழந்தைய அவ அம்மாகிட்ட கொண்டுபோய் விடுங்க” என்றார். அன்றே கொண்டுபோய் விட்டார் மாமன்.

நான் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். “எங்கிட்ட எதுக்கு? கூட்டம் போட்டு வாசிச்சீங்கல்ல, அதே மாதிரி கூட்டம் போட்டு இல்லன்னு சொல்லுங்க.”

சொல்லவில்லை. புகாரை மட்டும் சத்தமில்லாமல் திரும்ப வாங்கிக்கொண்டேன். மானம் எனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று எண்ணம். செல்வி குடியிருக்கும் தெருவுக்கு அவள் இன்றுவரை சூடு வைத்தவள்தான். அதன்பின் எங்கே பார்த்தாலும் டாக்டர் வணக்கம்கூடச் சொல்லமாட்டார். “சொல்லிட்டீங்களா?” என்பதோடு சரி.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். அன்று நான் வாசித்ததைக் கேட்டவர்களும் இதைப் படிப்பீர்கள். செல்வி குழந்தைக்குச் சூடு வைக்கவில்லை. நான் எழுதியது பொய்.

நேற்று செல்வி வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். “யாழினிக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆச்சு சார்” என்றாள். உட்காரச் சொல்லவில்லை.