சீராக வந்த கம்ப்யூட்டர்

சித்தி கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது கட்டில், பீரோ, கிரைண்டரோடு ஒரு கம்ப்யூட்டரும் வேனில் வந்து இறங்கியது. கோலியனூர்ப் பக்கத்தில் பெண்ணுக்குச் சீராகக் கம்ப்யூட்டர் கொடுத்தது அதுதான் முதல் தடவை என்று அப்பா சொல்லுவார். பெருமையாகத்தான் ஆரம்பிப்பார். பாதியில் திண்டிவனத்துக்காரர்களின் ஞாபகம் வந்துவிடும், நிறுத்திக்கொள்வார்.

திண்டிவனம் சித்தியின் ஊர். கல்யாணம் அங்கே ஒரு மண்டபத்தில் நடந்தது. முதல் பந்தியில் அப்பா உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தும் ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் அண்ணன் என்று தெரியாமல் பெண் வீட்டுக்காரர் ஒருவர் வந்து, "கொஞ்சம் அடுத்த பந்தியில பாத்துக்கோங்கண்ணே" என்று எழுப்பிவிட்டார். எங்கள் பக்கத்தில் அடித்தால்கூடச் சமாதானம் உண்டு, இலையிலிருந்து எழுப்பினால் கிடையாது. அவர்களாக வந்து முறையாக வருத்தம் சொல்லி அழைக்கிற வரைக்கும் அந்த வீட்டில் கை நனைப்பதில்லை, இங்கிருந்து யாரும் அங்கே போவதில்லை என்று அப்பா அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். அவர்களும் ஒருமுறை வந்தார்கள். அப்பா வாசலில் நின்றுகொண்டு "வாங்க" என்று சொல்லவில்லை. வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்கள்.

ஆடிக்குப் புதுப்பெண்ணை அழைத்துப் போக யாரும் வரவில்லை. தீபாவளியும் அப்படியே போயிற்று. 'யாரும் போவதில்லை' என்பதில் சித்தியும் அடக்கம். சித்தப்பாவுக்கு விழுப்புரத்தில் டயர் கடையில் வேலை. வீட்டிலிருந்த ஒரே செல்போன் காலையில் அவரோடு பஸ் ஏறிவிடும். அண்ணன் பேச்சைத் தட்டாதவர் அவர். அதைத் தவிர அவரிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது.

எனக்கு அப்போது இந்த அரசியல் எதுவும் தெரியாது. கம்ப்யூட்டரில் கார் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருந்தது, அது தெரியும். சித்தி காலேஜில் கம்ப்யூட்டர் படித்தவள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு அதைப் போட்டுக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிப்பாள்.

தை மாதம் வாக்கில் அது முதல் தடவையாகப் படுத்தது. கூடம் முழுக்க மல்லாட்டை உரித்துக் கடலையைக் குவித்துக்கொண்டிருந்தார்கள், தூசிக்குக் கேட்பானேன். ஸ்விட்சைப் போட்டால் திரையில் ஒன்றும் வரவில்லை. உள்ளேயிருந்து பீப், பீப் என்று சத்தம் மட்டும் விடாமல் வந்தது. தெருவில் நாலைந்து பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். யாராவது கை வைப்பதற்குள் அப்பா தீர்ப்புச் சொன்னார்.

"யாரும் தொடாதீங்க. குடுத்தவங்கதான் வந்து பாக்கணும். நாம கைய வெச்சா நாளைக்கி நாமதான் கெடுத்துட்டோம்னு சொல்லுவாங்க."

சீராக வந்த பொருள் பழுதானால் பிறந்த வீடுதான் பொறுப்பு என்பது எங்கள் ஊரில் பீரோ கைப்பிடிக்கும் கட்டில் காலுக்கும் இருந்த சட்டம். அப்பா அதைக் கம்ப்யூட்டருக்கும் நீட்டினார். சித்தப்பா போன் செய்து சொல்ல, மறுநாள் சித்தியின் தம்பி வந்து இறங்கினார். அவர் திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடையில் வேலை செய்தார். எனக்கு மாமா முறை.

அப்பா அவரையும் வாங்க என்று சொல்லவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை. அவரைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்து, "இதுக்கு இன்னாவாம்?" என்று கேட்டார். மாமாவும் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "பாத்துடலாம்" என்றார். ஆக, வந்தது சம்பந்தி வீட்டார் இல்லை, மெக்கானிக். அப்பாவின் சபதத்துக்கும் பங்கமில்லை.

மாமா பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே இருந்து சீப்பு மாதிரி ஒரு பச்சை அட்டையை உருவினார். ராம் என்று அதற்குப் பெயர் சொன்னார். என் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து ரப்பரை வாங்கி, அட்டையின் விளிம்பை அழுத்தித் தேய்த்து, தூசியை ஊதி, திரும்ப அதே இடத்தில் வைத்து இரண்டு பக்கமும் டக் டக் என்று அழுத்தினார். ஸ்விட்ச் போட்டதும் திரை வந்துவிட்டது. நான் கையைத் தட்டப் போனேன். அதற்குள் மாமா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, மிச்சமிருந்த திருகாணிகளையும் கழற்ற ஆரம்பித்தார். நோய் தீர்ந்த பிறகு ஆபரேஷன் நடந்தது. பேப்பரை விரித்து ஒவ்வொரு பாகமாக எடுத்து வைத்தார். சித்தி டார்ச் அடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பட்டப்பகலில் எதற்கு டார்ச் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் தணிந்த குரலில், தங்கள் அம்மாவின் முட்டிவலி, கன்று போட்ட பசு, அடுத்த தெருவில் யாருக்கோ நிச்சயம் ஆனது என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். மாமாவின் பையில் திருப்புளிக்கும் பிரஷ்ஷுக்கும் அடியில் ஒரு பொட்டலம் முறுக்கு இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் அவர் கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பும் வரை சித்தி பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டருக்கு உடம்பு தேறவே இல்லை. ஒருமுறை தேதி பின்னால் போய்விட்டது, உள்ளே இருக்கிற பொத்தான் பேட்டரியை மாற்ற வேண்டும் என்றார் மாமா. ஒருமுறை உள்ளே ஒரு ஒயர் நழுவிக் கிடந்தது. மற்ற நேரமெல்லாம் அந்த ராம்தான். சித்தி துணியும் கையுமாகக் கம்ப்யூட்டரைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். துடைத்த மறுநாள் அது பீப் பீப் என்று கத்தும். இவ்வளவு சுத்தமாக வைத்துக்கொண்டும் இப்படி ஆகிறதே என்று எனக்குச் சித்திமேல் பாவமாக இருக்கும். மாமா வருவார், நிமிஷத்தில் சரியாகும், சாயங்காலம் வரை திருகாணி கழற்றுவார்.

இது இப்படியே போயிருக்கும். டீக்கடையில் யாரோ அப்பாவிடம், "இன்னா, சம்பந்தி வூட்டோட ராசி ஆயிட்டீங்களாமே? புள்ளையாண்டான் மாசா மாசம் வந்துக்கினு போய்க்கினு இருக்கறானே" என்று கேட்டுவிட்டார்கள். கேட்டவர் சந்தோஷத்தில்தான் கேட்டிருக்க வேண்டும். அப்பாவுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அடுத்த தடவை பீப் சத்தம் கேட்டதும் திண்டிவனத்துக்குப் போன் போகவில்லை. விழுப்புரத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை அப்பாவே வண்டியில் உட்காரவைத்து அழைத்து வந்தார்.

அந்த மெக்கானிக் பேச்சுக்காரர். தகட்டைக் கழற்றி எட்டிப் பார்த்துவிட்டு, "சார், ராமு தானா கழண்டுக்காது. கிளிப்பு ரெண்டும் தொறந்து கெடக்குது பாருங்க. யாரோ எடுத்து வெச்சிருக்காங்க" என்றார்.

அப்பா சுற்றிலும் பார்த்தார். அந்த வீட்டில் தப்புச் செய்யக்கூடியவள் என்று பார்த்தால் நான் ஒருத்திதான் இருந்தேன். அவர் கண் என்மேல் வந்து நின்றது.

"நான் இல்ல" என்று ஆரம்பித்தேன். அதற்குள் சித்தி எழுந்து அப்பாவிடம், "மாமா, அது வந்து..." என்றாள்.

சமையலறை வாசலில் நின்ற அம்மா அவளைப் பேசவிடவில்லை. "எலியா இருக்கும். இந்த வூட்ல எலிக்கு இன்னா பஞ்சமா? நேத்துகூட அந்தப் பக்கம்தான் ஓடுச்சி" என்றாள்.

கிளிப்பைத் திறக்கிற எலியை மெக்கானிக் அதுவரை பார்த்ததில்லை போலும். வாயைத் திறக்கப் போனவர், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். ராமை மாட்டி, திருகாணிகளை முறுக்கி, தகடு சேருகிற இடத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார். அது கிழிந்திருந்தால் தான் பொறுப்பில்லை, யாரும் திறக்காமல் இருந்தால் கம்ப்யூட்டர் கல்லுமாதிரி ஓடும் என்றார். அப்பாவுக்கு ரொம்பத் திருப்தி. எலி ஒரு பக்கம் இருக்கட்டும் என்று எனக்கும் கம்ப்யூட்டர் பக்கம் போகக்கூடாது என்று தடை போட்டார்.

கம்ப்யூட்டர் கல்லுமாதிரிதான் ஓடியது. சித்தி துணியை எடுத்துக்கொண்டு போய் அந்த ஸ்டிக்கரைப் பார்ப்பாள், பிறகு மேஜையை மட்டும் துடைத்துவிட்டு வந்துவிடுவாள். ஒரு மாதம் போயிற்று, அதற்கு மேலும் போயிற்று. ஒருநாள் மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டே அழுதாள். கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போது இவளுக்கு என்ன குறை என்று நினைத்தேன். அழுகிற உரிமை விளையாட முடியாத எனக்குத்தான் இருந்தது. அம்மாவும் கொட்டகை வாசல் வரை போய் நின்று பார்த்தாள். பிறகு திரும்பிவிட்டாள். அவர்கள் இருவரும் அப்படியொன்றும் கொஞ்சிக் குலாவுகிற ஓரகத்திகள் இல்லை. உலை வைப்பதிலிருந்து கோலம் போடுவது வரை இவள் செய்தது அவளுக்குப் பிடிக்காது.

அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா வயலுக்குப் போயிருந்தார், சித்தி மோட்டார் கொட்டகையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் கூடத்து மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு வந்தாள். கம்ப்யூட்டர் என்றால் ஷாக் அடிக்கும் என்று பத்தடி தள்ளியே நடக்கிறவள், அதன் பின்பக்கம் போய்க் குனிந்தாள். முதல் வேலையாகப் பிளக்கைப் பிடுங்கினாள். காற்று வருகிற கம்பி ஓட்டையைத் தேடி, ஈர்க்குச்சியை ஒடித்து ஒடித்து உள்ளே சொருகினாள். பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தாள். விரலை உதட்டில் வைக்கவில்லை, மிரட்டவும் இல்லை. "எழுது" என்றாள்.

சாயங்காலம் அப்பா பழைய பாட்டு சிடி போட்டுக் கேட்க உட்கார்ந்தார். ஸ்விட்சைத் தட்டியதும் கதிர் அடிக்கிற மெஷின் மாதிரி கடகடவென்று சத்தம் கிளம்பியது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். செல்போனுக்காகச் சித்தப்பாவைக் கூப்பிட்டு, விழுப்புரம் மெக்கானிக்குக்குப் போடச் சொன்னார்.

"அவரு வந்துட்டுப் போன பொறவுதானங்க இந்தக் கூத்து" என்றாள் அம்மா. "குடுத்தவங்கதான் பாக்கணும்னு மொத மொதல்ல சொன்னதே நீங்க. வெளியாள் கைய வெச்சதும் எப்பிடிக் கத்துது பாருங்க. வூட்டக் கொளுத்திடப் போவுது."

தன் வார்த்தையையே திருப்பிக் கொடுத்தால் அப்பா என்ன செய்வார்? "செரி, அவங்களுக்கே போடு" என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். சித்தி அடுப்படியிலிருந்து ஓடி வந்து, தான் தொடாத கம்ப்யூட்டர் கத்துவதைப் பயத்தோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் மாமா வந்தார். ஸ்டிக்கரைக் கிழித்து, தகட்டைக் கழற்றி, மின்சாரப் பெட்டியின் விசிறியைப் பிரித்தார். ஈர்க்குச்சித் துண்டுகள் வந்தன. அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். சித்தி இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சமையலறைப் பக்கம் திரும்பினார்கள். அங்கே அம்மா இலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வேல முடிய நேரம் ஆவும் போலக்குது தம்பி. ரெண்டு வாய் சாப்ட்டுட்டுப் பாருங்க" என்றாள்.

மாமா வாசலைப் பார்த்தார். வாசலில் அப்பா நின்றிருந்தார். அம்மா சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கும். அவர் வழக்கம்போலக் கம்ப்யூட்டரைப் பார்த்து, "இன்னாவாம் அதுக்கு?" என்று கேட்டார்.

மாமா கையை மூடிக்கொண்டார். "ஃபேனு தேஞ்சிபோச்சிங்க மாமா. மாத்த வேணாம். மாசத்துக்கு ஒருவாட்டி வந்து எண்ணெ வுட்டுட்டுப் போனா ஓடும்."

டாக்டர் சொன்னதைக் கேட்கிற மாதிரி அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். "அப்ப வந்து பாத்துக்க" என்றார். மாமாவின் முகத்தைப் பார்த்து அவர் பேசி அன்றைக்குத்தான் நான் கேட்டேன். மாமா சாப்பிட உட்கார்ந்தார். சித்தி பரிமாறினாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. செய்யாத தப்புக்குத் தண்டனை எனக்கு, செய்தவள் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அம்மா கிணற்றடியில் புளி போட்டு அண்டா தேய்க்கும்போது போய் நின்று, அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்றேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை. அண்டா, குடம், குத்துவிளக்கு, சொம்பு எல்லாம் செஞ்சிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவள் பிறந்த வீட்டில் கொடுத்தவை என்று எனக்குத் தெரியும்.

"எங்க வூட்ல எனக்குக் குடுத்தது எல்லாம் பித்தளடி" என்றாள். "இத்தன வருசத்துல ஒண்ணு ஒடிஞ்சிதா? ஒண்ணுல ஒரு ஓட்ட வுழுந்துதா?"

தன் பிறந்த வீட்டுச் சீரின் உறுதியைச் சொல்லிப் பெருமைப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். கம்ப்யூட்டரைவிடப் பித்தளை எவ்வளவோ மேல் என்று அம்மாவுக்காக எனக்கும் பெருமையாக இருந்தது, அதனாலேயே அவளைக் காட்டிக் கொடுக்கவில்லை. செஞ்சிப் பக்கம் எனக்கு இரண்டு தாய்மாமன்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அவர்கள் எங்கள் வீட்டு வாசல்படி ஏறி நான் பார்த்ததில்லை என்பது அப்போது என் நினைவுக்கே வரவில்லை.