கை கழுவ வாங்க

கரியாலூருக்கு மேலே உள்ள எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. திருவிழா பேச வரும் நாட்டாமைக்கும் அவரோடு வருபவர்களுக்கும் ஒரு வீட்டில் சோறு போட வேண்டும். அவர் கை நனைத்த வீட்டுக்காரனுக்குத்தான் ஊர்க்கூட்டத்தில் உட்கார இடம். மற்றவர்கள் நின்றுகொண்டுதான் கேட்க வேண்டும். மணலூர்பேட்டையிலிருந்து மலையேறி வந்து இங்கேயே தங்கிவிட்ட என் அப்பா கடைசிவரை நின்றார். வீட்டுக்காரனே கூட்டத்தில் வாய் திறந்து அழைக்க வேண்டும். கூச்சப்பட்டே அவர் காலம் போய்விட்டது. அந்தக் கூச்சம் எனக்கும் வந்தது.

போன வருடம் என் மனைவி, "இந்தத் தபா நீ கூப்புடலன்னா நான் கூப்புடுவேன்" என்றாள். செய்கிறவள்தான்.

"நாளைக்கு எங்க வூட்ல கை நனைக்க வாங்கய்யா" என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கூட்டத்தில் நாட்டாமை என் பக்கம் திரும்பியதும் நாக்குப் புரண்டது.

"நாளைக்கு எங்க வூட்ல கை கழுவ வாங்கய்யா."

கூட்டம் சிரித்தது.

"இன்னாப்பா, சோறு போடாமயே எழுப்பி வுடுறியா?" என்றார் நாட்டாமை. "சரி, வரேன். எல்லாரையும் இட்டுக்கினு வரேன்."

வழக்கமாகப் பத்துப் பேர் வருவார்கள். மறுநாள் மதியம் நாற்பது பேர் வந்தார்கள். பாதியில் சோறு தீர்ந்தால் விருந்து செல்லாது. ஆனால் நான் கள்ளக்குறிச்சி கல்யாண மண்டபங்களில் அடுப்படி வேலை செய்கிறவன். பேச்சு வராது, பந்தி வரும். 'எல்லாரையும்' என்று அவர் சொன்னபோதே அறுபது பேருக்கு உலை வைப்பதென்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, மொச்சைப் பொரியல், ரசம்.

இன்னொரு முறையும் உண்டு. வீட்டுக்காரன் 'கை கழுவுங்க' என்று சொல்லாமல் நாட்டாமை இலையை விட்டு எழக்கூடாது. நான் சொல்லவில்லை. சோற்றுக் கூடையோடு அவர் முன்னால் வந்து வந்து நின்றேன். நான்காவது தடவை இலையைக் கையால் மறைத்தார்.

"போதும்பா."

விரல் இடுக்கில் இன்னும் ஒரு கரண்டி வைத்தேன்.

"யோவ், நேத்து அத்தினி பேர் எதிர்ல சொன்னியே, அத்த இப்போ சொல்லுய்யா."

"நேத்து இன்னாங்கய்யா சொன்னேன்?"

அது என் வாயிலிருந்து எப்படி வந்ததென்று இன்றுவரை தெரியவில்லை. நாற்பது பேரும் சிரித்தார்கள், இந்தத் தடவை அவரைப் பார்த்து.

"கை கழுவ சொல்லுப்பா. புண்ணியமா போவும்."

"கை கழுவுங்கய்யா" என்றேன். தெருமுனைவரை கேட்டதாக மனைவி சொன்னாள்.

அடுத்த கூட்டத்தில் நாட்டாமைக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கூட்டம் கலைந்தும் எழ மனமில்லை. என்னைத் தாண்டிப் போன நாட்டாமை நின்றார்.

"இன்னா, ஒன்ன எழுப்பறதுக்கும் யாராச்சும் கை கழுவ சொல்லணுமா?"