தாழியில் இருந்தவர்

திருச்செங்கோட்டுக்கு மேற்கே ஒரு சிற்றூரில் பழங்காலக் கல்வட்டம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். சோளக்காட்டுக்கு நடுவே இருந்த அந்த இடத்துக்கு, காட்டுக்குச் சொந்தக்காரர்தான் கூட்டிப் போனார்.

நெடுநெடுவென்ற உயரம், தலையில் பச்சைத் துண்டு, நரைத்த முரட்டு மீசை. கல்வட்டத்தை நெருங்கியதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நெருஞ்சி முள் மண்டிய இடம் அது. புதுச் செருப்பு பாழாகிவிடும் என்று பார்க்கிறார் போல, என்று நினைத்துக்கொண்டேன்.

வட்டத்தின் நடுவே பாதி புதைந்து ஒரு தாழி. இறந்தவர்களை அந்தக் காலத்தில் உள்ளே வைத்துப் புதைத்த பெரிய பானை. எட்டிப் பார்த்தேன். துடைத்து வைத்ததுபோலக் காலியாக இருந்தது.

"உள்ளே ஒண்ணுமே இல்லீங்களா?"

"எலும்பு இருந்துச்சுங்க. போன ஆடி மழைக்கு மண்ணு சரிஞ்சு வெளிய தெரிஞ்சுது. பள்ளிபாளையம் கொண்டு போயி ஆத்துல கரைச்சுட்டனுங்க. எங்கய்யனுக்குப் பண்ணுனாப்பலயே மொட்டை போட்டு, எள்ளுந் தண்ணியும் எறைச்சனுங்க."

"ஐயோ, என்னங்க பண்ணிட்டீங்க! அது ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தினதுங்க! ஆராய்ச்சிக்கு ஒரு துண்டாவது வெச்சிருக்கக் கூடாதா?" என்று கத்தியே விட்டேன்.

அவர் முகம் வெளிறிப்போனது. தாழியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரெண்டாயிரம் வருசமாவா?" என்றார். "ஒருத்தருமே கரைக்காமயா உட்டுட்டாங்க, சாமி?"