லபான் பாட்டிலில் ஆறு கில்லிமீன்களும் என் சகலையும்

இயற்கை ஆர்வத்தால் கிளம்பினேன் என்று எழுத ஆசைதான். உண்மைக் காரணம் என் சகலை முரளி. மனைவியின் தங்கை கணவர். ஷார்ஜாவில் ஒரு ஏசி கம்பெனியில் எஸ்டிமேட்டர். சனிக்கிழமையானால் ஊரே மாலில் சுற்றும்போது, இவர் ஒரு தன்னார்வக் குழுவோடு ஹஜர் மலை ஓடைகளில் கில்லிமீன் எண்ணப் போய்விடுவார். போன குளிர்காலத்தில், அவர்கள் குழு அதுவரை மீனே பார்த்திராத உயரத்தில் ஒரு குளத்தில் இவர் மீனைப் பார்த்துவிட்டார். பதிவேட்டில் ‘முதலில் பார்த்தவர்: முரளி’ என்று ஏறிவிட்டது.

“அவரும் ஆஃபீஸ் போறவர்தானே? உங்களுக்கு லீவுன்னா குறட்டை” என்றாள் என் மனைவி கல்பனா. அன்றே முடிவு செய்தேன், அவருக்கும் மேலே ஒரு குளத்தில் என் பெயர் ஏற வேண்டும்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை 4.50க்கு நான் குடியிருக்கும் முசஃபாவில் வண்டியை எடுத்தேன். 6.35க்கு ஷார்ஜாவில் முரளி ஏறிக்கொண்டார். அங்கிருந்து மலையடிவாரம் 96 கிலோமீட்டர். வழியில் ஸ்ட்ராங்காகக் கடக் சாயா இரண்டு, குபூஸ் ரொட்டி ஒரு பாக்கெட், எனக்கு மட்டும் லபான் என்கிற மோர் ஒரு பாட்டில்: மொத்தம் 11 திர்ஹம். கடைசி 7 கிலோமீட்டர் கல் பாதை. அதற்கு குல் ஸமான் என்ற பட்டாணியரின் பிக்கப், போகவர 150 திர்ஹம். ஓடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். பெயர் தெரிந்தால் வீட்டுத் தொட்டி மீனைக் கொண்டுவந்து விட ஆட்கள் வந்துவிடுகிறார்களாம்.

கில்லிமீன் என்றால் சுண்டுவிரல் நீளம். ஆணுக்கு நீலப் பளபளப்பு, வாலில் மஞ்சள். பெண்ணுக்கு உடம்பில் கோடுகள். முரளி படத்தைக் காட்டியதும் குல் ஸமான் சிரித்தார். “பாய், இத்னா சோட்டா? இவ்வளவு பொடிசா? இதை வறுத்தா எண்ணெய்ச் செலவுதான்!” என்று அவர் இந்தியில் சொன்னதற்கு முரளியும் விழுந்து விழுந்து சிரித்தார். கிண்டல்கூட உறைக்காத மனிதரிடம் எப்படித்தான் போட்டி போடுவது?

போகும் வழியெல்லாம் முரளியின் பாடம். தென் அமெரிக்காவில் டிட்டிகாக்கா ஏரி, கடல்மட்டத்திலிருந்து 3,800 மீட்டர் உயரம். அங்கே மட்டுமே வாழும் கில்லிமீன் இனங்கள் உண்டு. வெளியிலிருந்து டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். ஓர் இனம் அழிந்தே போனதாகச் சொல்கிறார்கள், மற்றவையும் திண்டாடுகின்றன.

“நம்ம மீனுக்கு இப்போதைக்கு ஆபத்து இல்லண்ணே. ஆனா ஒவ்வொரு ஓடையிலயும் அது தனிக் கூட்டம். எது எந்தக் குளத்துலன்னு சரியா எழுதி வெச்சாத்தான் ஆராய்ச்சிக்காரங்களுக்கு உதவும். நம்ம கைக்கு விதி மூணுதான்: பார்க்கணும், எண்ணணும், படம் எடுக்கணும்.”

தலையாட்டிக்கொண்டேன். மனசில் ஓடியது வேறு.

பிக்கப் நின்ற இடத்திலிருந்து முரளியின் புகழ்பெற்ற குளம் 1.8 கிலோமீட்டர் ஏற்றம். 9.20க்குச் சேர்ந்தோம். அவர் பாறையில் குப்புறப் படுத்து எண்ண ஆரம்பித்தார். “நீங்க மெதுவா மேல ஏறிட்டிருங்கண்ணே, வந்துர்றேன்.”

பாறை மறைவில், கழுவி வைத்திருந்த லபான் பாட்டிலில் கொஞ்சம் குபூஸைப் பிய்த்துப் போட்டுத் தண்ணீரில் சாய்த்துப் பிடித்தேன். ஆறு பேர் தாமாகவே உள்ளே வந்தார்கள். இருபத்திரண்டு வருஷம் பர்சேஸ் டிபார்ட்மெண்டில் இருப்பவன். ஆசை காட்டி வரவழைப்பது கைவந்த வேலை.

மேல் குளத்துக்கு நாற்பது நிமிடம். முழங்கால் இரண்டும் என் வயதை உரக்கச் சொல்லின. குளத்தில் ஒரு மீன் இல்லை. தவளைக்குஞ்சுகள் மட்டும் கறுப்பாக மொய்த்தன. ஊற்றலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா என்று நான் தடுமாறுவதற்குள் பின்னால் மூச்சிரைப்பு கேட்டது. முரளி.

பாட்டிலைப் பார்த்தார். “அண்ணே! இங்க பிடிச்சீங்களா?”

“ஆமா” என்றேன். வாய் முந்திக்கொண்டது.

அந்த மனிதர் என் கையைப் பிடித்துக் குலுக்கியே விட்டார். “இவ்ளோ தவளைக்குஞ்சு இருக்கிற குளத்துல மீனா? யுனிவர்சிட்டி ஆளுங்களே வந்து பார்ப்பாங்கண்ணே! உங்க பேர்லதான் போடறேன்.” நோட்டை எடுத்து என் பெயரை எழுதினார். இனிஷியலோடு. அவர் முகத்தில் ஒரு துளி வயிற்றெரிச்சல் தெரிகிறதா என்று தேடினேன். சத்தியமாக இல்லை.

“பாவம், சூடாயிருக்கும். விட்டுடலாம்” என்று பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து தண்ணீருக்கு மேல் சாய்த்தார்.

“முரளி, ஊத்தாதீங்க!”

கத்தியது நானேதான். தவளைக்குஞ்சுகளை இந்த ஆறும் தின்னத் தொடங்கும்; எழுதி வைத்ததும் பொய்யாகும். எல்லாவற்றையும் சொன்னேன். லபான், குபூஸ், கல்பனா, குறட்டை வரைக்கும்.

முரளி கைக்குட்டையை நனைத்துப் பாட்டிலைச் சுற்றினார், மூடியைத் தளர்த்திக் கொடுத்தார். “யல்லாண்ணே, கிளம்புங்க, இறங்குங்க. நேரமாச்சுன்னா செத்துரும்.”

இறங்க 34 நிமிடம். வாழ்க்கையில் எதையும் அவ்வளவு பதமாகத் தூக்கிக்கொண்டு போனதில்லை. அதே குளத்தில், அதே பாறையருகே விட்டோம். ஐந்து நீந்திப் போயின. ஒன்று போகவில்லை.

முரளி நோட்டில் பழைய வரியை அடித்து, புதிதாக எழுதினார்: ‘மேல் குளம்: மீன் இல்லை. தவளைக்குஞ்சு உண்டு. பார்த்தவர்: சுந்தரராமன்.’ நான் விழித்தேன். “இல்லைங்கறதும் தகவல்தாண்ணே. இதுவரைக்கும் அங்க ஏறி யாரும் பார்த்து எழுதினதில்ல.” கீழ்க் குளத்துக்கு நேரே, ஒன்று இறந்தது என்பதையும் எழுதினார்.

போகிறவர்களுக்கு: நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள். மலையில் மேகம் கண்டால் திரும்பிவிடுங்கள், ஓடையில் வெள்ளம் நொடியில் வரும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். சன்ஸ்கிரீன் பூசிய காலைக் குளத்தில் விடாதீர்கள். ஒரு குளத்து உயிரை இன்னொரு குளத்துக்குக் கொண்டு போகவே போகாதீர்கள்.

முரளி நடந்ததை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. “அண்ணன் என்னைவிட மேல ஏறிட்டாரு” என்று மட்டும் கல்பனாவிடம் சொல்லியிருக்கிறார். திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் கணக்கு தீர்ந்திருக்கும். இப்போது அவருடைய நல்ல குணத்தைப் பார்த்தும் நான் பொறாமைப்பட வேண்டியிருக்கிறது. அதற்கு எந்த மலையில் ஏறுவது?