லோடு ஏற்றாத நெஞ்சு

கீ... கீ... கீ...

போன மாதம் ஒரு காலை. காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். மெல்லிய சத்தம். சின்னமனூரில் டிராக்டர், இன்வெர்ட்டர் பேட்டரி விற்கும் வீடு எங்களுடையது. ஏதாவது ஒன்று கத்திக்கொண்டேதான் இருக்கும். போய் இன்வெர்ட்டரைத் தட்டினேன்.

"அதைத் தட்டாத. இங்கன இருந்து வருது" என்றார் வீட்டுக்காரர். இடது தோளுக்குக் கீழே தொட்டுக் காட்டினார்.

அங்கே தோலுக்கு அடியில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கருவி. இதயம் தாளம் தப்பினால் ஷாக் கொடுத்து மீட்டுவரும். பேட்டரி தீரப்போனால் தினமும் ஒரே நேரத்தில் கத்தும் என்று வைக்கும்போதே சொல்லியிருந்தார்கள்.

வைத்த நாளிலிருந்து, கடைக்கு வருபவர்களிடம் சொல்வதையே தனக்கும் சொல்லிக்கொண்டார் மனிதர் — லோடு குறைந்தால் பேட்டரி கூடுதல் நாள் உழைக்கும். மேகமலைக்கு என்னை பைக்கில் கூட்டிப்போவது நின்றது. சிரிப்பு பாதியிலேயே அணைந்தது. சண்டை? வேண்டுமென்றே வம்பிழுத்தாலும் எழுந்து போய்விடுவார். படுக்கைகூட அடுத்த அறைக்குப் போனது.

"அண்ணன் எம்புட்டு சாதுவாயிட்டாக" என்று தெருவே மெச்சியது. ஊருக்குப் போனவர் என்றால் பஸ் ஸ்டாப்பில் காத்து நிற்கலாம். அடுத்த அறைக்குப் போனவருக்காக எங்கே போய் நிற்பது?

மதுரை ஆஸ்பத்திரியில், கருவியைச் சோதிக்கும் பெண் ஸ்கிரீனைப் பார்த்துச் சொன்னாள். "ஒரு ஷாக்குகூட குடுக்கல சார். நல்லா இருக்கீங்க. பேட்டரிதான் தீரப்போகுது. கருவியையே மாத்தணும்."

"நான் லோடே ஏத்தலயேம்மா. பெறகு எப்படி எறங்குச்சு?"

"அது சும்மா இருக்காது சார். எந்நேரமும் உங்க துடிப்பைக் கவனிக்கும், தன்னையும் சோதிச்சுக்கும். அதுலயே தீரும்."

"சிரிச்சா? வீட்ல சண்டை போட்டா?"

அவள் என்னைப் பார்த்தாள். "அதெல்லாம் கணக்குலயே வராது சார்."

பஸ் ஆண்டிபட்டி தாண்டும்வரை அவர் சட்டைக்கு மேலே அந்தக் கருவியைத் தடவிக்கொண்டே வந்தார். யார்தான் எதையாவது மிச்சம் பிடிக்கவில்லை? நல்ல சேலையை, நல்ல சொல்லை, ஒரு தொடுதலை... பூட்டி வைத்த இடத்திலேயே அது சத்தமில்லாமல் தீர்ந்துகொண்டிருக்கிறது.

முந்தாநாள் ஆபரேஷன். சின்னதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். தியேட்டர் கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சரிலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்தார் — எத்தனையோ காலம் கழித்து, அழுத்தமாக.

"ஏ புள்ள, ஒங் கொழம்புல உப்பே இல்ல. இத்தன வருசமா சொல்லாம முழுங்கிக்கிட்டு இருக்கேன்."

"வெளிய வாங்க. இருக்கு ஒங்களுக்கு."