தோள் மாறிய பூக்காவடி: பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணிக்கு ஒரு நடை

போன வருஷம் எனக்குக் கர்ப்பப்பையில் ஆபரேஷன் நடந்தது. கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் என் கணவர் இளங்கோ யாரிடமும் சொல்லாமல் ஒரு வேண்டுதல் வைத்திருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வந்த அன்று, ஆஸ்பத்திரி கேன்டீனில் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கு நடந்து வந்து பூக்காவடி செலுத்துறேன்னு வேண்டிக்கிட்டேன் சுமதி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்பத்தூரில் எங்கள் வீட்டிலிருந்து பால் பூத்துக்கே ஸ்கூட்டரில் போகிற மனிதர். வயது ஐம்பத்து நான்கு. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. ஆனால் முருகனிடம் சொன்னதை மாற்ற முடியாதே! நானும் கூட நடப்பது என்று முடிவு செய்தேன். இருவரும் ஒரு வாரம் விரதமிருந்தோம். எனக்கும் ஒரு மஞ்சள் புடவை எடுத்தார்.

திருத்தணிக்குச் சென்னைப் பக்கமிருந்து நடப்பவர்கள்தான் அதிகம். நாங்கள் எதிர்ப்பக்கமிருந்து, ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டிலிருந்து நடந்தோம். இவர் சௌகார்பேட்டையில் ஒரு புடவைக் குடோனில் வேலை செய்கிறார். அங்கே சரக்குப் போடும் முனிரத்தினம் பள்ளிப்பட்டில் விசைத்தறி வைத்திருப்பவர். வருஷா வருஷம் ஒரு கூட்டத்தைத் திருத்தணிக்கு நடத்திப் போகிறவரும் அவர்தான். அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். வயது வித்தியாசமில்லாமல் எல்லோரும் அவரை 'பாவா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அக்கா புருஷன் என்று அர்த்தம். இரண்டு மணி நேரத்தில் எங்களுக்கும் அவர் பாவா ஆகிவிட்டார்.

போவது சுலபம். சென்னையிலிருந்து மின்சார ரயிலில் திருத்தணிக்கு இரண்டரை மணி நேரம், டிக்கெட் முப்பது ரூபாய்க்குள். அங்கிருந்து பள்ளிப்பட்டுக்கு பஸ், ஒன்றரை மணி நேரம். பஸ்ஸில் வந்த அதே பாதையில்தான் மறுநாள் திரும்பி நடக்கப் போகிறோம் என்பதால் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு மேட்டையும் கவலையோடு பார்த்துக்கொண்டு வந்தேன். மொத்தம் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். இரண்டு நாள் நடை.

முதல் நாள் விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பினோம். முப்பது பேர், ஒன்பது காவடிகள். பைகளையும் சாப்பாட்டையும் ஏற்றிக்கொண்டு பாவாவின் தம்பி பாஸ்கர் குட்டி யானையில் பின்னால் வந்தார். குட்டி யானை என்றால் வேறொன்றுமில்லை, சின்ன லோடு வண்டி. சாலையின் இருபக்கமும் மாந்தோப்பு, கரும்பு, நடுநடுவே யாரோ அடுக்கி வைத்துவிட்டுப் போனது மாதிரி பாறைக் குன்றுகள். பொதட்டூர்பேட்டை வருவதற்குள் மூன்று இடத்தில் மோர் கொடுத்தார்கள். ஒரு வீட்டு வாசலில் குடும்பமே நின்று, நடப்பவர்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றியது. என் காலிலும் ஊற்றினார்கள். யாரென்றே தெரியாத ஒரு பெண் குனிந்து என் பாதத்தைக் கழுவியபோது நானும் குனிந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டேன்.

பதினொன்றிலிருந்து மூன்றரை வரை புளியமரத்தடியில் ஓய்வு. அதன் பிறகும் தார் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. வெறுங்காலோடு வந்த நாங்கள் எல்லோரும் 'உஸ் உஸ்' என்று சாலையோர மண்ணுக்கு ஓடினோம். இவர் மட்டும் காவடியைத் தோளில் ஏந்திக்கொண்டு தார் நடுவிலேயே நிதானமாக நடந்தார். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. "அண்ணாக்கு இன்னா பக்தி பாரு!" என்று பின்னால் ஒருத்தர் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று ராத்தங்கல் அம்மையார்குப்பத்தில், பாவாவின் உறவினர் ஒருவரின் தறிக்கூடத்தில். திருவிழாவுக்காகத் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். காவடியைத் தரையில் வைக்கக் கூடாது என்பதால் உத்தரத்தில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டு, தறிகளுக்கு நடுவே ஜமக்காளம் விரித்துக் கொடுத்தார்கள். சாம்பார் சாதம், அப்பளம். அவ்வளவு பேருக்கும் அந்த வீட்டுப் பெண்களே பரிமாறினார்கள். அந்த ஊர் நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த வசந்தா, மறுநாள் பால்குடம் எடுத்துக்கொண்டு எங்களோடு சேர்ந்துகொண்டார்.

அவர் கண்ணில்தான் அது பட்டது.

ஆர்.கே.பேட்டையைத் தாண்டி ஒரு மணி நேரம் நடந்திருப்போம். நன்றாக விடிந்திருந்தது. பின்னால் வந்த வசந்தா என் முழங்கையைப் பிடித்தார்.

"அக்கா, ரோட்டைப் பாருங்க. உங்க வூட்டுக்காரு கால்லருந்து ரத்தம் வந்துகினு இருக்குது."

திரும்பிப் பார்த்தேன். சாலையில் ஒற்றைக் கால் தடம் மட்டும் ஈரமாக, சிவப்பாக, எங்கள் பின்னாலேயே வந்திருந்தது.

ஓடிப்போய் நிறுத்தி, அவரை ஒரு மைல்கல்லின் மேல் உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்காலில் முந்தின நாள் தார்ச் சூட்டில் எழும்பிய கொப்புளங்கள் உடைந்து தோல் உரிந்து கிடந்தது. கட்டைவிரலுக்குக் கீழே ஒரு வேலமுள் முழுதாக இறங்கியிருந்தது.

"வலிக்கலையா?" என்றேன்.

"இல்லையே" என்றார். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சர்க்கரை நாளாக நாளாகக் காலில் உணர்ச்சி குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலையாட்டிக் கேட்டுக்கொண்டதோடு சரி. நேற்று நான் பெருமைப்பட்டது பக்தியைப் பார்த்து அல்ல, மரத்துப்போன காலைப் பார்த்து.

வண்டியில் ஏறச் சொன்னேன். மாட்டேன் என்றார். செருப்பாவது போடுங்கள் என்றேன். அதற்கும் மாட்டேன் என்றார். "இன்னும் பன்னெண்டு கிலோமீட்டர்தான். வலியே இல்லாதப்ப என்ன? துணியைக் கட்டிட்டு நடந்துடறேன்."

பாவா பக்கத்தில் குந்தினார். "அண்ணா, இன்னா பேசுறீங்க நீங்க? எங்க சித்தப்பாக்கு இப்பிடித்தான் முள்ளு குத்தி, பாக்காம வுட்டு, காலையே எடுத்துட்டாங்க. முருகன் வந்து உங்க காலைக் கேட்டாரா?"

"வேண்டிக்கிட்டது நான் பாவா. இவளுக்காக. பாதியில இறக்கி வெச்சா..." என்று சொல்லும்போதே இவர் குரல் உடைந்துவிட்டது. அந்தப் பரிசோதனை முடிவு வராத நாட்களில் இந்த மனிதர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்பது அந்தச் சாலையோரத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

"எனக்காகத்தானே வேண்டிக்கிட்டீங்க?" என்றேன். "நான் நல்லா இருக்கேன். குடுங்க, நான் தூக்குறேன்."

இவர் பாவாவைப் பார்த்தார். பாவா வசந்தாவைப் பார்த்தார்.

"ஆங், பொம்பளைங்க எடுக்கக் கூடாதா இன்னா?" என்றார் வசந்தா. "எங்க ஊர்ல எடுக்குறாங்களே. அக்காவும் விரதம் இருந்துகினுதானே வந்துச்சு. குடுங்கண்ணா."

பாவா "அரோகரா!" என்று ஒரு குரல் கொடுத்தார். முப்பது பேரும் திருப்பிச் சொன்னார்கள். காவடி தரையைத் தொடாமல் என் தோளுக்கு வந்தது. இவர் குட்டி யானையில் ஏறினார். வண்டி மறையும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. கோபம்தான்.

அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டர் என் வாழ்நாளில் நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கவிடாமல் வைத்திருந்தார்கள். இங்கே சாமந்தியும் அரளியும் சுற்றிய காவடி தோளை அழுத்த அழுத்த, என் உடம்பு எனக்கே திரும்பக் கிடைத்தது மாதிரி இருந்தது. தோள் மாற்றக் கற்றுக்கொடுத்து, பாட்டுப் பாடிக்கொண்டே வசந்தா பக்கத்தில் வந்தார். தூரத்தில் மலை தெரிந்ததும் கூட்டம் தானாகவே வேகம் பிடித்தது.

சரவணப் பொய்கையில் இறங்கி நனைந்தோம். எங்கு பார்த்தாலும் மஞ்சள் துணி, பூ, உடுக்கைச் சத்தம். அங்கிருந்துதான் படிகள் ஆரம்பம். அவ்வளவு நெரிசலிலும் காவடி என்றால் வழி விடுகிறார்கள். மூச்சு வாங்க நான் நின்றபோது முன்பின் தெரியாத ஒருவர் விசிறினார்.

படி முடியும் இடத்தில் இவர் நின்றிருந்தார். அரசு ஆஸ்பத்திரியில் முள்ளை எடுத்து, கட்டுப் போட்டு, ஊசி போட்டு, நடக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி வந்துவிட்டார். கட்டின் மேல் பிளாஸ்டிக் கவர் கட்டியிருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார். என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கோபம் எங்கே போனதோ.

"மூச்சு வாங்கலையா உனக்கு?" என்றார்.

"வாங்குது. பிடிங்க ஒரு பக்கம்" என்றேன்.

ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துக்கொண்டு சன்னதிக்குப் போனோம். இவர் நொண்டினார், நான் இவர் நடைக்கு நடந்தேன்.

நீங்களும் நடக்க நினைத்தால் சில விஷயங்கள். பதினொன்றுக்குள் காலை நடையை முடித்துவிடுங்கள், நான்குக்கு முன் தாரில் கால் வைக்காதீர்கள். சாலையோர மண்ணில் நடக்கலாம், ஆனால் முள் இருக்கும், குனிந்து பார்த்து நடக்க வேண்டும். வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும் என்று எங்கள் கூட்டத்தில் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மலையடிவாரம் வரை செருப்போடு வந்தவர்கள் உண்டு. சர்க்கரை இருப்பவர்கள் செருப்போடுதான் நடக்க வேண்டும், கிளம்பும் முன் டாக்டரிடம் காலைக் காட்ட வேண்டும். மாத்திரையை விரதத்தின் பேரில் நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பாதத்தை இன்னொருவர் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் கால் உங்களிடம் சொல்லாது. பெண்களுக்குக் கழிப்பறை பெரிய ஊர்களில்தான் உண்டு. ஆனால் வழியில் எந்த வீட்டில் கேட்டாலும் கதவைத் திறக்கிறார்கள். கிருத்திகை அன்று மாலை ரயிலில் ஏறவே முடியாது, தங்கி மறுநாள் திரும்புங்கள்.

இவர் கால் ஆற இரண்டு மாதம் பிடித்தது. விரல் தப்பியது. ஒரு நாள் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றார் எங்கள் டாக்டர். இப்போது படுக்கப்போகும் முன் இவர் காலை நீட்டுவார், நான் டார்ச் அடித்துப் பார்ப்பேன்.

போன வாரம் பாவா போன் செய்து, இந்த வருஷம் வருகிறோமா என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"ரெண்டு பேரும் வர்றோம் பாவா" என்றார் இவர். "காவடி அவளுது. எனக்கு பாஸ்கர் பக்கத்துல ஒரு சீட் போட்டு வைங்க."