சம்பந்தி இல்லாத தொட்டி

அந்தத் தெருவில் பல்செட்டுக்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். காலை முதல் மாலை வரை ஊரார் வாய்க்குப் பல்வரிசை செய்வார். ஒரு பல் இம்மி சாய்ந்திருந்தாலும் கழற்றிவிட்டு மறுபடி ஒட்டுவார். வீட்டுக்கு வந்துவிட்டால் கப்பி மீன்கள்தான் உலகம்.

கல்யாணமான புதிதில் சிவப்பு வால் ஜோடி ஒன்று வாங்கினார். ஆணின் வால் விரித்த விசிறி மாதிரி இருக்கும். கூடத்துச் சுவர் முழுக்க அடுக்கியிருந்த தொட்டிகளில் நீந்தியதெல்லாம் அந்த ஒரே ஜோடியின் வாரிசுகள். வெளி மீன் ஒன்றைக்கூட அவர் உள்ளே விட்டதில்லை. கலந்தால் வால் போய்விடும் என்று பயம்.

வால் என்னவோ அப்படியேதான் இருந்தது. மீதி மீன்தான் மாறிப்போனது. முதுகுகள் கூன் போட்டன. குஞ்சுகள் குறைந்தன. தீனியை இந்தப் பக்கம் தூவினால் சில மீன்கள் அந்தப் பக்கம் பாய்ந்து கண்ணாடியில் முட்டிக்கொண்டன.

அவர் மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். "ஏங்க, இதுக்கு ஸ்டீயரிங் ஒரே பக்கமா இழுக்குதே" என்றார்.

"அது ராஜநடை. உனக்குப் புரியாது."

ராஜநடைக்காரனையே மீன் கண்காட்சிக்குத் தூக்கிப் போனார். அது சாய்ந்தபடி வட்டமடித்தது. நடுவராக வந்த அம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தார். பின்னால் நின்றவர்களும் வரிசையாகத் தலையைச் சாய்த்தார்கள்.

"இவனோட அம்மா யாரு?" என்று கேட்டார் நடுவர்.

"என்கிட்ட இருக்கிற பெரிய பொண்ணு."

"அப்பா?"

"அவ பெத்த பையன்தான்."

நடுவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்போ இவனுக்கு அப்பாவே அண்ணன். அம்மாவே பாட்டி. சார், வெளியிலேருந்து ஒரு மீனாவது கொண்டுவந்து சேருங்க. ஒரே ரத்தம் சுத்திச் சுத்தி வந்தா உள்ளே இருக்கிற கோளாறெல்லாம் மேல வந்துடும்."

கூட்டம் சிரித்தது. தொங்கிய முகத்தோடு வீடு வந்தவரை மனைவியும் விடவில்லை. "நானும் எத்தனையோ குடும்பம் பாத்திருக்கேன். ஒரு சம்பந்திகூட இல்லாத குடும்பம் நம்ம தொட்டிதாங்க!"

மாடியில் குடியிருந்த சலூன்காரர் ஒரு பழைய வாளியில் கலப்படக் கப்பிகள் வளர்த்தார். அதைப் பார்த்தாலே முகம் சுளிக்கும் பல்செட்டுக்காரர், அன்று ஜாடியும் கையுமாகப் படியேறினார்.

"ஒரு பொண்ணு வேணும்" என்றார் மென்று விழுங்கி.

"பையன் எப்படி? நேரா நீந்துவானா?"

"கொஞ்சம்... சாஞ்சாப்ல."

"குடும்பம்?"

"ரொம்ப நெருக்கமான குடும்பம்."

சலூன்காரர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சாம்பல் நிறத்தில் ஒரு கொழுத்த பெண் மீனைப் பிடித்துக் கொடுத்தார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, தொட்டி நிறையக் குஞ்சுகள். பல்செட்டுக்காரர் மாடிக்குப் பறந்தார். "வரும்போதே மாசமா இருந்திருக்கா! ஏன் சொல்லல?"

"வாளியில ஆம்பளைங்களோடதானே இருந்தா? போதாததுக்கு, கப்பிப் பொண்ணுங்க ஒருதடவை சேர்ந்தா அதையே வயித்துல சேத்துவெச்சு மாசக்கணக்கா குட்டி போடும். அவளோட பொண்ணுங்களைச் சின்னதிலேயே பிரிச்சு வளர்த்து உங்க பையனுக்குக் கட்டிவைங்க."

அப்படியே செய்தார். பேரக்குஞ்சுகள் பிறந்து வளர்ந்தபோது அவருக்கு அழுகை வராத குறை. விசிறி வால் ஒன்றுக்கும் இல்லை. ஒருவனுக்குப் பாதி வால் சிவப்பு, இன்னொருவனுக்கு உடம்பெல்லாம் மையைத் தெளித்த மாதிரி புள்ளி. ஆனால் எல்லாம் நேராக நீந்தின. தீனிக்கு எகிறி எகிறிக் குதித்ததில் ஒன்று அவர் மனைவியின் ஆறிப்போன டீயிலேயே விழுந்தது. எடுத்துத் தொட்டியில் விட்டதும் ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி தீனிக்கு ஓடியது. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அதன்பின் வெவ்வேறு வீடுகளிலிருந்து அவ்வப்போது புது மீன் வாங்கிச் சேர்த்தார். சில தலைமுறை கழித்துச் சிவப்பு விசிறி வால் திரும்பி வந்தது, முன்னைவிடச் சற்றுக் குட்டையாக.

சலூன்காரர் தெருவின் அந்தக் கோடியிலிருந்தே "சம்பந்தி!" என்று கூப்பிடுகிறார். பிள்ளையில்லாத வீட்டுக்கு ஏது சம்பந்தி என்று புதிதாகக் குடிவந்தவர்கள் விழிக்கிறார்கள். பல்செட்டுக்காரர் அவர்களை வீட்டுக்கு அழைத்துப்போய், தொட்டிக்கு முன்னால் உட்கார வைத்து, யார் யாருக்கு என்ன முறை என்று ஆரம்பிக்கிறார். பாதியிலேயே எழுந்து போனவர்கள்தான் அதிகம்.